டேட்டா இல்லாத நேரத்தில் யார் வருவார்கள்?

கொழும்பில் இணையமோ சமூக ஊடகமோ நின்றுபோன நாள்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் அநேகமானவை மக்கள் பயந்துபோயிருந்த நாள்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த சில மணித்தியாலங்களில் மறுபடியும் முடக்கம். கொட்டாஞ்சேனையில் பிள்ளையைத் தேடியவர்களும் வெள்ளவத்தையில் பெற்றோரைத் தேடியவர்களும் அன்று வாட்ஸ்அப்பைத் தட்டிப் பார்த்து ஏமாந்தார்கள். அந்தத் தடை ஏப்ரல் 30ஆம் திகதிதான் நீங்கியது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்குக்கு நடுவில், சமூக ஊடகங்கள் பிற்பகல்வரை மூடப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. மின்சாரம் போனது, வடங்கள் அறுந்தன, கோபுரங்கள் வேலை செய்யவில்லை. 600 பேருக்கு மேல் பலிகொண்ட அந்த நாள்களில், மலைநாட்டில் இருந்த உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று அறியக் கொழும்பில் இருந்தவர்கள் நாள்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஆபத்து வரும் நேரமும் இணையம் போகும் நேரமும் இந்த நாட்டில் மீண்டும் மீண்டும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. இருந்தும் எங்கள் கைகளில் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இணையம் இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. 'லொகேஷன் அனுப்பு' என்றால் வாட்ஸ்அப். 'வந்துட்டியா' என்றால் வாட்ஸ்அப். ஓட்டோ பிடிக்கவும் செயலி, ஓட்டோவில் பயந்தால் அழுத்தவும் அதே செயலிக்குள் ஒரு பொத்தான். டேட்டா முடிந்த நிமிடத்தில் இவை எல்லாம் ஒன்றாகப் போய்விடும்.

இணையமே இல்லாமல் இயங்கும் ஒரு பாதுகாப்புச் செயலியை எப்படிக் கட்டுவது? இந்தக் கேள்வியை ஒருகொடவத்தையில் நின்று கேட்க விரும்புகிறேன். காரணம் உண்டு. இங்கே வேலை செய்யும் செயலி எங்கேயும் வேலை செய்யும்.

பேஸ்லைன் வீதி தெமட்டகொடையைத் தாண்டி களனிப் பாலத்தை நோக்கிப் போகும் வழியில், அவிசாவளைப் பக்கம் வீதி பிரியும் சந்தி இது. பகலிரவு பாராமல் கொள்கலன் லொறிகள் ஓடும். ஒரு பக்கம் சுங்கக் கொள்கலன் தளம், ஒரு பக்கம் வாகனத் தொழில் படிக்க வரும் பிள்ளைகள், பின்னால் சுவருக்குச் சுவர் ஒட்டிய தோட்டத்து வீடுகள், சற்றுத் தள்ளி அரசு கட்டிய மாடி வீட்டுத் தொகுதிகள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஒழுங்கைக்குள் வாழ்கிறார்கள். வடக்கே களனி கங்கை, கிழக்கே வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும். 2016 மே மாத வெள்ளத்தில் அந்தப் பக்கம் வீதிகளில் படகு ஓடியது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகளின்மேல் சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிர்த்த ஞாயிறு அன்று பிற்பகல் பக்கத்துத் தெமட்டகொடையில் ஒரு வீட்டுக்குள் குண்டு வெடித்து மூன்று பொலிஸார் மாண்டார்கள். சில கிலோமீற்றர் வட்டத்துக்குள் இத்தனையும் நடந்திருக்கின்றன. இங்கே ஒரு பெண் இரவு வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் நடக்கும் அந்தப் பத்து நிமிடமோ எந்தச் செய்தியிலும் வராது.

இணையம் போனபின் கைப்பேசியில் என்ன மிஞ்சுகிறது

நிறையவே மிஞ்சுகிறது. முதலாவது, இடமறியும் ஜி.பி.எஸ். இது இணையத்தால் வருவதென்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பைக் கைப்பேசி நேரடியாகக் கேட்கிறது. நான்கு கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். இணையம் செய்யும் முக்கிய உதவி இதுதான்: எந்தக் கோள் இப்போது எங்கே நிற்கிறது என்ற விவரத்தைச் சீக்கிரம் கொண்டுவந்து தரும். அது இல்லாவிட்டால் கைப்பேசி அந்த விவரத்தைக் கோள்களிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். திறந்த வெளியில் அரை நிமிடம் முதல் சில நிமிடங்கள் ஆகலாம். கொங்கிரீட் மாடிக்குள் கிடைக்காமலே போகலாம்.

ஆகவே செயலி பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கக் கூடாது. வெளியில் நடக்கும்போதே இடத்தை அவ்வப்போது குறித்து, கைப்பேசிக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்து நேரத்தில் புதிய இடம் கிடைக்காவிட்டால், 'கடைசியாக 10.35க்கு இங்கே இருந்தார்' என்று பழையதை நேரத்தோடு அனுப்ப வேண்டும். நேரம் போடாத பழைய இடம் ஆபத்தானது. தேடி வருபவர்களை வேறு வீதிக்கு அனுப்பிவிடும்.

இரண்டாவது, குறுந்தகவல். எஸ்எம்எஸ் டேட்டாவில் போவதல்ல. அழைப்புகளை ஏற்படுத்தக் கோபுரமும் கைப்பேசியும் பேசிக்கொள்ளும் அந்தச் சிறிய வழியிலேயே போய்விடும் அளவுக்கு அது சிறியது. அழைப்பு எடுக்கவே முடியாத நெரிசலிலும் குறுந்தகவல் நுழைந்துவிடுவது அதனால்தான். பெறுபவரின் கைப்பேசி அணைந்திருந்தால், நிறுவனத்தின் நிலையத்தில் தங்கி, மீண்டும் உயிர்வந்ததும் போய்ச் சேரும். சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட நாள்களிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. 1992இல் முதல் குறுந்தகவல் அனுப்பப்பட்டது. முப்பது வருடம் கடந்தும் அவசரத்துக்கு அதைவிட நம்பகமான வழி ஒரு சாதாரணக் கைப்பேசியில் இல்லை என்பது என் துணிபு.

ஆனால் தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு குறுந்தகவலுக்கு 160 எழுத்து. தமிழிலும் சிங்களத்திலும் 70 மட்டுமே. அந்த 70உம் நாங்கள் எண்ணும் எழுத்தல்ல. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும். ஒருகொடவத்தை என்பது பள்ளிக்கூடக் கணக்கில் ஏழு எழுத்து. கைப்பேசிக் கணக்கில் 11. எழுபதைத் தாண்டினால் தகவல் 67 இடம் கொண்ட துண்டுகளாக உடையும். சிக்னல் நன்றாக இருக்கும்போது அவை ஒட்டிச் சேர்ந்து வருவதால் எவரும் கவனிப்பதில்லை. சிக்னல் மங்கிய வேளையில் ஒரு துண்டு வந்து மற்றது வராமல் நின்றால், முழுத் தகவலையுமே காட்டாத கைப்பேசிகள் உண்டு.

ஆதலால் அவசரத் தகவல் 70க்குள் முடிய வேண்டும். 'உதவி தேவை' என்ற இரண்டு சொல், ஆளின் பெயர், இடத்தின் பெயர், நேரம். முகக்குறிகள் வேண்டாம். ஒவ்வொன்றும் இரண்டு இடத்தைத் தின்றுவிடும். மிச்ச விவரங்களை இரண்டாவது தகவலாகத் தனியே அனுப்பலாம். முதலாவது தனித்து நிற்க வேண்டும்.

இப்போது கைப்பேசி நிறுவனங்கள் தரும் எஸ்ஓஎஸ் வசதிகளைப் பார்ப்போம். அண்ட்ரொய்ட் கைப்பேசிகளில் பவர் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால் அவசர உதவி தொடங்கும் வசதி இருக்கிறது. ஐபோனிலும் இருக்கிறது. பல கைப்பேசிகள் நெருங்கியவர்களுக்குக் குறுந்தகவலும் அனுப்பும். நல்ல விடயம்தான். ஆனால் இருப்பிடம் பெரும்பாலும் ஒரு வரைபட இணைப்பாகவே வரும். அனுப்புபவருக்கு இணையம் தேவையில்லை, பெறுபவருக்குத் தேவை. வெள்ளத்தில் ஒருகொடவத்தையும் வெல்லம்பிட்டியும் ஒன்றாகத்தான் இருட்டில் கிடக்கும். அந்த இணைப்பைத் தட்டும் தம்பியின் கைப்பேசியில் வெறும் வெள்ளைத் திரை வரும்.

இடத்தைச் சொல்லாகச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால். 6.94, 79.88 என்ற எண்கள் இந்தப் பகுதியைக் குறிக்கும். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் கொடுத்தால் ஏறக்குறைய 11 மீற்றர் துல்லியம். மீட்புப் படகில் வருபவருக்கு அது பயன்படும். அம்மாவுக்குப் பயன்படாது. அம்மாவுக்குக் கோவில், பள்ளிவாசல், பஸ் தரிப்பிடம், பேக்கரி, மாடித் தொகுதியின் இலக்கம் வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மப் போன்ற திறந்த வரைபடங்களிலிருந்து ஒரு நகரத்தின் இடப்பெயர்களை எடுத்துச் செயலிக்குள் வைக்கலாம். ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது. அதில் இல்லாத பெயர்கள்தான் முக்கியம்: ஒழுங்கைக்காரர்கள் மட்டும் அறிந்த குழாயடி, முச்சக்கரவண்டித் தரிப்பிடம், மூன்றாம் மாடிப் படிக்கட்டு. அவற்றை அந்த ஒழுங்கையின் பிள்ளைகள் தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எந்த மாடி என்பது ஜி.பி.எஸ்ஸில் நம்பும்படி தெரியாது. ஆகவே வீட்டின் மாடியையும் இலக்கத்தையும் செயலியை நிறுவும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

அக்காவுக்குத் தமிழில், பக்கத்து வீட்டுக்குச் சிங்களத்தில்

கொழும்பில் கட்டும் செயலிக்கு மட்டும் உரிய ஒரு தேவை உண்டு. இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் பொத்தானை அழுத்துகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'அக்கா, பயமாயிருக்கு, வாங்க' என்பது வெள்ளவத்தையில் இருக்கும் அக்காவுக்குப் போகும். அக்கா வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆகலாம். முதலில் ஓடிவரக்கூடியவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அண்ணன், அல்லது சந்தியில் கடை வைத்திருக்கும் நானா. ஒவ்வொரு தொடர்பு எண்ணுக்கும் அவர் வாசிக்கும் மொழியைக் குறித்துவைத்தால், ஒரே அழுத்தலில் மூன்று மொழித் தகவல்கள் போகும். நிரல் எழுதுபவருக்கு இது ஒரு மாலை வேலை. எந்த வெளிநாட்டுச் செயலியும் இதை எங்களுக்காகச் செய்து தராது.

இரண்டு சிம் விடயமும் அப்படித்தான். இங்கே பலரின் கைப்பேசியில் டயலொக் ஒன்று, மொபிடலோ ஹட்ச்சோ இன்னொன்று. ஒரு நிறுவனத்தின் கோபுரம் விழுந்தால் மற்றதன் கோபுரம் நிற்கலாம். முதல் சிம்மில் தகவல் போகாவிட்டால் செயலி தானாக இரண்டாவதில் முயல வேண்டும். அதுவும் போகாவிட்டால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விடாமல் முயல வேண்டும். போனதா இல்லையா என்பதை ஒளிக்காமல் காட்ட வேண்டும். போகாத தகவலுக்குப் 'போய்விட்டது' என்று பச்சைக் குறி காட்டும் செயலி ஆளைக் கொன்றுவிடும். உதவி வருகிறதென்று நம்பி ஒரே இடத்தில் நிற்க வைக்கும்.

கட்டுபவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர்கள் வேறு சில இருக்கின்றன. மோசடிகளைத் தடுக்கவென்று 2019 முதல் கூகுள் தன் கடையில் உள்ள செயலிகள் குறுந்தகவல் அனுமதி கேட்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. உயிர்ப் பாதுகாப்புச் செயலிகள் விலக்குக் கோரி விண்ணப்பிக்கலாம். பொறுமை வேண்டும். ஐபோனில் எந்தச் செயலியும் ஆளின் விரல் படாமல் குறுந்தகவல் அனுப்ப முடியாது. அங்கே தொலைபேசியோடு வரும் எஸ்ஓஎஸ் வசதியையே ஒழுங்காக அமைக்கப் பழக்க வேண்டும். மலிவு அண்ட்ரொய்ட் கைப்பேசிகளில் பின்னணியில் ஓடும் செயலிகளை மின்கலச் சிக்கனம் என்ற பெயரில் இயங்குதளமே நிறுத்திவிடும். தோட்டத்து வீடுகளில் இருப்பவை அநேகமாக அந்த வகைக் கைப்பேசிகள். திரையில் கீறல் விழுந்த, சேமிப்பிடம் நிறைந்த, ஐந்து வருடம் பழைய ஒரு கைப்பேசியில் ஓடாத செயலியை இங்கே வெளியிட்டுப் பயனில்லை.

மின்சாரம் இல்லாமல் இணையம் பற்றிப் பேசுவதும் வீண். 2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தது. கோபுரங்களின் மின்கலங்கள் அத்தனை நேரம் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவையல்ல. கைப்பேசியின் மின்கலம் 15 வீதத்துக்கு வந்ததும், ஆபத்து அறிவிப்பில் இருக்கும் செயலி கடைசி இடத்தையும் நேரத்தையும் தானாக அனுப்பிவிட்டு மற்ற வேலைகளை நிறுத்திக்கொள்வது நல்லது.

கோபுரமும் விழுந்தால்

குறுந்தகவலுக்குக் கோபுரம் வேண்டும். அதுவும் இல்லையென்றால் புளூடூத்தும் வைஃபையும் மிஞ்சும். ஒரு கைப்பேசி அருகிலுள்ள கைப்பேசிக்கு, அது அடுத்ததற்கு என்று, தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையில் நின்று வாளி மாற்றுவதுபோலத் தகவலைக் கடத்தலாம். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பின் அவுஸ்திரேலியாவின் பிளின்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் போல் கார்ட்னர் ஸ்டீவன் 'சேர்வல்' திட்டத்தைத் தொடங்கியது இந்த எண்ணத்தில்தான். 2014இல் ஹொங்கொங் மாணவர்கள் போராட்டத்தில் ஃபயர்சாட் செயலியைப் பயன்படுத்தினார்கள். 2019இல் அதே நகரத்திலும் 2021இல் மியன்மாரிலும் பிரிட்ஜிஃபை. 2025 ஜூலையில் ட்விட்டரை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சி 'பிட்சாட்' என்ற புளூடூத் செயலியை வெளியிட்டார். அதில் ஒரு தகவல் ஏழு கை மாறலாம்.

இதன் மீது அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கக் கூடாது. 2020இல் லண்டன் ரோயல் ஹொலோவே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்ஜிஃபையைச் சோதித்து, அதில் பயனர்களைப் பின்தொடரவும் ஆள்மாறாட்டம் செய்யவும் தகவல்களை வாசிக்கவும் முடிகிறது என்று காட்டினார்கள். போராட்டக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து நம்பிய செயலி அது. இன்னொரு குறை, ஆள் அடர்த்தி. கைக்குக் கை கடத்த வழியில் கைகள் இருக்க வேண்டும், அந்தக் கைகளில் அதே செயலி இருக்க வேண்டும். வெறிச்சோடிய வீதியில் தனியே நிற்கும் பெண்ணுக்குப் புளூடூத் வலை எதுவும் செய்யாது. ஆனால் சுவருக்குச் சுவர் ஒட்டிய தோட்டங்களில், வெள்ளம் சூழ்ந்து எல்லோரும் மேல்மாடிக்கு ஏறி நிற்கும் இரவில், 'மூன்றாம் வீட்டில் டயலிசிஸ் நோயாளி இருக்கிறார், படகு முதலில் அங்கே' என்ற ஒரு வரியை அது கடத்தும். நெருக்கமாக வாழ்வதன் கஷ்டம் அனைத்தையும் தினமும் சுமக்கும் மக்களுக்கு, அந்த நெருக்கத்தால் வரும் ஒரே தொழில்நுட்ப அனுகூலம் இதுவாக இருக்கலாம்.

வெள்ளத்தைப் பற்றிய அறிவையும் செயலிக்குள்ளேயே வைக்க வேண்டும். கிராண்ட்பாஸ் பக்கம் நாகலகம் வீதியில் களனி கங்கையின் நீர்மட்ட அளவுகோல் இருக்கிறது. 4 அடி என்றால் எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். டித்வா நாள்களில் கங்கை 7 அடியைத் தாண்டியது. இந்த எண்கள் செய்தியில் வரும்போது பலருக்கு அவை வெறும் எண்கள். ஐந்தடி என்றால் எந்த ஒழுங்கையில் தண்ணீர் ஏறும், ஏழடி என்றால் எத்தனையாம் படிவரை வரும் என்று அங்கே நாற்பது வருடம் இருந்த பாட்டிக்குத் தெரியும். 1989, 2016, 2025 என்று அவர் மனதில் இருக்கும் கணக்கை ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்டெழுதிச் செயலிக்குள் போட்டால், வானொலியில் '6 அடி' என்று கேட்டவுடன் இணையமே இல்லாமல் ஒரு குடும்பம் முடிவெடுக்கலாம்: அடையாள அட்டையையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புவதா, கட்டிலை உயர்த்திவிட்டு இருப்பதா.

இதற்கு முன்னும் இங்கே கட்டியிருக்கிறார்கள்

இந்த நாட்டுக்கு இது புதிய வேலையல்ல என்பதை இளம் நிரலாளர்கள் அறிய வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கொழும்பில் தொண்டர்கள் கூடி, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். லங்கா மென்பொருள் அறக்கட்டளை அதைத் தாங்கியது. இலவசமாக, திறந்த மூலமாக எழுதப்பட்டதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. சுனாமி பாதித்த 32 கிராமங்களில் சர்வோதய இயக்கமும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து கைப்பேசி, செய்மதி வானொலி, தூரத்திலிருந்து இயக்கும் அபாயமணி என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தன. 2009இல் டயலொக், மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வுகூடம், மைக்ரோஇமேஜ் நிறுவனம் ஆகியவை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு சேர்ந்து 'டியூன்' எனும் எச்சரிக்கை வலையமைப்பைத் தொடங்கின. அது குறுந்தகவலையும் செல் ஒலிபரப்பையும் அடிப்படையாகக் கொண்டது. ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முன்னரே, இணையம் தேவைப்படாத எச்சரிக்கையை இங்கே யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

செல் ஒலிபரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. குறுந்தகவல் ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகும். செல் ஒலிபரப்பில் ஒரு கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடும். யாருடைய எண்ணும் தேவையில்லை, நெரிசலும் வராது. நெதர்லாந்து 2012 முதல் இதை நடத்துகிறது, பிரித்தானியா 2023 ஏப்ரலில் நாடு முழுவதும் ஒலிக்கவிட்டுச் சோதித்தது. களனி கங்கை 5 அடியைத் தொட்டதும் ஒருகொடவத்தைக் கோபுரத்தின் கீழிருக்கும் கைப்பேசிகள் மட்டும் மூன்று மொழிகளில் அலற முடியும். டித்வாவின்போது தமிழில் எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாகிவிட்ட நாட்டில் அப்படி ஒரு முறைப்பாடு எழவே கூடாது. தண்ணீர் மொழி பார்த்து ஏறுவதில்லை.

அழுத்தியபின்

பெண்களின் பாதுகாப்புக்கென்று வரும்போது, பொத்தானைவிடக் கடினமான கேள்வி, மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பது. ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு, இலங்கையில் 90 வீதமான பெண்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவை அனுபவித்தவர்கள் என்று சொல்லியது. பொலிஸில் முறையிட்டவர்கள் 4 வீதம். அழுத்த ஒரு பொத்தான் இல்லாததால் மட்டும் மற்றவர்கள் பேசாமலிருக்கவில்லை. அழுத்தி என்ன ஆகப்போகிறது, எந்த மொழியில் விளங்கப்படுத்துவது, வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற தயக்கமே பெரிது. தமிழ்நாட்டுப் பொலிஸ் 2018இல் 'காவலன்' செயலியைக் கொண்டுவந்தபோது, டேட்டா இல்லாத இடத்தில் குறுந்தகவலாகச் செல்லும் வழியையும் சேர்த்தது. அதன் வலு அந்த வழியில் மட்டும் இல்லை. மறுமுனையில் தமிழில் பேசும் கட்டுப்பாட்டு அறை இருந்தது.

ஆபத்து வீட்டுக்குள்ளும் இருக்கலாம். இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வின்படி, திருமணமான அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர். அந்தப் பெண்ணின் கைப்பேசியில் எந்நேரமும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் செயலி, அவளைக் காப்பவரின் கையில் இருக்குமா, அடிப்பவரின் கையில் இருக்குமா? கட்டுபவர்கள் முதல் நாளே இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். இணையமில்லாச் செயலிக்கு இங்கே இயல்பான ஒரு நன்மை இருக்கிறது: கைப்பேசிக்கு வெளியே சேமிப்பகம் எங்கும் இல்லை, ஆகவே அங்கிருந்து திருடவும் விற்கவும் எதுவும் இல்லை. இடம் அவள் அழுத்தும்போது மட்டும் வெளியே போகட்டும். எவருக்கும் தொடர்ந்து காட்டும் வசதி வேண்டாம். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சேகரிக்காத தரவைப் பாதுகாக்கச் சட்டமே தேவையில்லை.

இன்னொரு தடை பணம். ரீலோட் முடிந்த கைப்பேசியிலிருந்து குறுந்தகவல் போகாது. மாதக் கடைசியில், சம்பளத்துக்கு முந்திய நாள்களில், எத்தனை கைப்பேசிகள் அந்த நிலையில் இருக்கும் என்று ஒருகொடவத்தைச் சில்லறைக் கடைக்காரரைக் கேட்டால் தெரியும். அவசர அழைப்புகள் இலவசம். அவசரக் குறுந்தகவலும் அப்படி ஆக வேண்டும். மீதிப்பணம் பூச்சியமானாலும் போகும் ஓர் எண், அதை மூன்று மொழியிலும் வாசித்துப் பதிலெழுதும் ஆள்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நினைத்தால் இது ஆகும். கத்திப் பேச முடியாமல் அறைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பெண்ணுக்கும், காது கேளாத ஒருவருக்கும் அழைப்பைவிட எழுத்தே உதவும்.

பல்கலைக்கழகங்களிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் தமிழ்ப் பிள்ளைகளே, இதை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த மூலமாக எழுதுங்கள். உங்கள் சொந்தக் கைப்பேசியில் சோதிக்காமல், ஒழுங்கையில் உள்ள மிகப் பழைய கைப்பேசியில் சோதியுங்கள். வெளியிட்டபின் மாதம் ஒரு மாலை, ஒழுங்கை முழுவதும் டேட்டாவை அணைத்துவிட்டு, 'பயிற்சி' என்று தொடங்கும் தகவல் எத்தனை வீட்டுக்கு எத்தனை நிமிடத்தில் போகிறதென்று எழுதிவையுங்கள். யாருக்குப் போகவில்லையோ அந்த வீட்டிலிருந்து அடுத்த திருத்தத்தைத் தொடங்குங்கள்.

வாசகர்களுக்குச் செயலி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றிரவு டேட்டாவை அணைத்துவிட்டு, உங்களுக்கு முதலில் ஓடிவரக்கூடிய மூவருக்குச் சாதாரணக் குறுந்தகவல் ஒன்று அனுப்பிப் பாருங்கள். உங்கள் வீட்டை இரண்டு சொல்லில் அவர்களுக்குச் சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள். கைப்பேசியில் அவசரத் தொடர்புகளைப் பதிந்து, அம்மாவின் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள். அனர்த்தத்துக்கு 117, பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. இந்த ஐந்து எண்களுக்கும் டேட்டா வேண்டாம். காகிதத்தில் பெரிதாக எழுதி, கதவின் உட்பக்கம் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவையுங்கள்.